எட்டாம் வகுப்புக்குள் பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது எப்படி?

இந்தக் கையேடு ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்துப் பெற்றோருக்கானது. அண்ணா நகர்க்காரர்களுக்கு இது உதவாது, அவர்கள் எல்.கே.ஜி. விண்ணப்பம் வாங்கும்போதே முடிவெடுத்துவிடுகிறார்கள். திருவள்ளூருக்கு அப்பால் இருப்பவர்களுக்குக் கோச்சிங் சென்டர் நோட்டீஸ் அடுத்த வருஷம் வந்து சேரும். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நாம்தான். மே மாதம் சி.டி.எச். ரோட்டில் பாடியிலிருந்து பட்டாபிராம் வரை ஒருமுறை போய்வாருங்கள். தலைவர்களின் பிறந்தநாள் பேனர்களுக்கு இணையாகப் பிள்ளைகளின் பேனர்கள் நிற்கும். பாஸ்போர்ட் போட்டோ, பக்கத்தில் மார்க், கீழே ‘ஆறாம் வகுப்பு முதல் ஐ.ஐ.டி., நீட் ஃபவுண்டேஷன்’. ஆறாம் வகுப்புப் பையனுக்கு இன்னும் ஷூ லேஸ் ஒழுங்காகக் கட்ட வராது. பரவாயில்லை, அது சிலபஸில் இல்லை.

தேவையானவை

பிள்ளை ஒன்று. வயது பத்துக்கு மேல், பன்னிரண்டுக்குள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது பழைய கணக்கு; ஆறாம் வகுப்பில் வளையாதது பதினொன்றில் வளையாது என்பது கோச்சிங் சென்டர் கணக்கு. அடுத்து, நெருங்கிய உறவில் ஒரு அமெரிக்க மாப்பிள்ளையோ பெரியப்பா மகனோ இருக்க வேண்டும். கல்யாண வீடுகளில் சுட்டிக்காட்ட உதவும். ஸ்கூல் வாட்ஸாப் குரூப் இரண்டு: ஒன்று டீச்சர் இருப்பது, இன்னொன்று டீச்சர் இல்லாதது. நகைக்கடன் ரசீது. பிள்ளையின் விருப்பம் இந்தப் பட்டியலில் இல்லை, தேட வேண்டாம்.

பிள்ளையைக் கேட்கும் முறை

கேட்காமல் முடிவெடுத்தார்கள் என்று நாளைக்குப் பேச்சு வரக்கூடாது. ஆகவே கேளுங்கள். கேள்வியை மட்டும் சரியாக அமைக்க வேண்டும். “கண்ணா, நீ டாக்டர் ஆகப்போறியா, இன்ஜினியர் ஆகப்போறியா?” இதில் பிள்ளைக்கு முழுச் சுதந்திரம் இருக்கிறது.

சில பிள்ளைகள் கேள்விக்குள் அடங்காமல் பதில் சொல்லும். பஸ் டிரைவர் ஆகிறேன் என்றால் எல்லோருமாகச் சிரிக்கவும். “பூச்சிங்களப் பத்திப் படிக்கணும்ப்பா” என்றால், “அதுக்குத்தான்டா நீட்” என்க. கதை எழுதப்போகிறேன் என்று ஒரு பெண் சொன்னால் பதறாமல், “மொதல்ல ஒரு டிகிரி வாங்கிடும்மா, அப்புறம் எவ்ளோ வேணா எழுது” என்று சொல்லித் தலையைத் தடவிக்கொடுக்கவும். அந்த ‘அப்புறம்’ எப்போது வரும் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை.

குரூப் சாஸ்திரம்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருகிற அன்று தமிழ்நாட்டில் புதிதாக ஒரு சாதி அடுக்கு பிறக்கிறது. உச்சியில் பயோ மேத்ஸ். அதற்கடுத்துக் கம்ப்யூட்டர் சயின்ஸ். பிறகு ப்யூர் சயின்ஸ், அதன்கீழ் காமர்ஸ். ஆடிட்டர் ஒருவர் தெருவில் கார் வாங்கியிருந்தால் காமர்ஸ் ஒரு படி ஏறும். அதற்கும் கீழே ஹிஸ்டரி குரூப். எல்லாவற்றுக்கும் அடியில் வொகேஷனல். பள்ளிக்குப் பள்ளி மார்க் எல்லை மாறும், அடுக்கு மாறாது.

இதில் விருப்பம் எங்கே வருகிறது என்று அப்பாவித்தனமாகக் கேட்காதீர்கள். சமூக அறிவியலில் 98 வாங்கிய பெண் இருக்கிறாள். சோழர் பாசனத்தையும் பிரெஞ்சுப் புரட்சியையும் அவளாகவே தேடிப் படித்தவள். மொத்த மார்க் 480. இவளுக்கு வரலாறு கிடைக்காது. “இவ்ளோ மார்க்க வெச்சிக்கிட்டு ஹிஸ்டரியா? தலையெழுத்தா?” என்று ஆபீஸ் ரூமிலேயே கேட்பார்கள். அதே பள்ளியில் 210 வாங்கியவனுக்கு வரலாறு தாராளமாகக் கிடைக்கும். அவனுக்கு அது வேண்டாம் என்றாலும் கிடைக்கும்.

பயோ மேத்ஸ் ஏன் என்று யாராவது கேட்டால் தயார் நிலையில் ஒரு பதில் உண்டு: “அது எடுத்தா ரெண்டு பக்கமும் போலாம்.” மாமியார் முதல் ஷேர் ஆட்டோ டிரைவர் வரை எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே குறி, ஒரே இலக்கு என்று பிள்ளையைக் கூர்தீட்டிய நாம், பதினைந்து வயதில் தேர்ந்தெடுப்பதோ எந்தக் கதவையும் சாத்தாத குரூப்பை. உள்ளூர நமக்கு வேண்டியது பரந்த கல்விதான். அப்படிச் சொன்னால் பிழைக்கத் தெரியாதவர் என்பார்கள். பயோ மேத்ஸ் என்று சொல்லுங்கள், வாழ்த்துவார்கள்.

தாத்தாவைச் சமாளித்தல்

ஆவடிப் பக்கத்தில் பல வீடுகளில் எச்.வி.எஃப்.பில் ரிட்டயர் ஆன தாத்தா ஒருவர் இருப்பார். இவர்தான் உங்கள் திட்டத்துக்குப் பெரிய இடைஞ்சல். பிள்ளையை டியூஷனுக்குக் கிளப்பும் நேரம் பார்த்து அவர் கதை ஆரம்பிப்பார். கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் வந்தது, 1965 கடைசியில் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது என்பதில் தொடங்குவார். விஜயந்தாவுக்காகக் கற்றுக்கொண்ட கையோடு டி-72 வந்தது. அதன் வரைபடங்கள் வேறு, அளவுகள் வேறு. அதற்குப் பழகிய பிறகு அர்ஜுன். அப்புறம் டி-90. “ஒரே ஃபிட்டர்தான்டா நான், ஆனா நாலு தடவை புதுசா வேலைக்குச் சேந்த மாதிரி.”

இதற்குமேல் அவரைப் பேசவிட்டால் ஆபத்து. 2021 அக்டோபர் 1ஆம் தேதி படைக்கலத் தொழிற்சாலை வாரியமே கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகப் பிரிந்ததையும், ஆவடி தொழிற்சாலை ஏ.வி.என்.எல். என்ற புதுப் பெயருக்குள் போனதையும் சொல்லுவார். ‘அசையாத சர்க்கார் உத்தியோகம்’ என்று நம்பிக் குடிவந்த ஊரிலேயே உத்தியோகத்தின் பெயர்ப்பலகை மாறிவிட்டது. அம்பத்தூரில் டன்லப் கம்பெனி திறந்தது, மூடியது, திறந்தது, மூடியது எல்லாம் அவருக்கு மனப்பாடம். 1964இல் தொழிற்பேட்டை, அதாவது எஸ்டேட், வந்தபோது லேத் ஓடிய இடங்களில் இன்றைக்குக் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன, உள்ளே இரவு ஷிஃப்ட்டில் கம்ப்யூட்டர்கள். பட்டாபிராமில் 2024 நவம்பரில் இருபத்தொரு மாடி டைடல் பார்க் திறந்தாயிற்று. இந்த ஊர் அறுபது வருஷத்தில் இத்தனை முறை தொழில் மாற்றியிருக்கும்போது, பதினொரு வயதுப் பையன் எப்படிடா ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்பான் என்பது அவர் வாதம்.

பதில் சொல்ல முயலாதீர்கள். பதில் கிடையாது. “தாத்தா, சீரியல் ஆரம்பிச்சிடுச்சு” என்று டி.வி.யைப் போட்டுவிடவும்.

முன்னோர் வழி

சரித்திரம் கொஞ்சம் தெரிந்திருந்தால் பேரன்ட்ஸ் மீட்டிங்கில் மதிப்பு கூடும். சீக்கிரமே பிள்ளையைத் தொழிலில் நிறுத்திவிட வேண்டும் என்ற யோசனை நம் மாநிலத்துக்குப் புதிதில்லை. 1953இல் ராஜாஜி கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தார். மூன்று மணி நேரம் பள்ளி, மிச்ச நேரம் வீட்டில் அப்பாவின் தொழில். சிகை திருத்துபவர் மகன் கத்திரிக்கோலோடும், குயவர் மகன் சக்கரத்தோடும். குலக்கல்வி என்று பெயர் வாங்கி, ஊரே கொதித்து, ராஜாஜி பதவி விலகி, 1954இல் காமராஜர் வந்ததும் அது போயிற்று. அப்பன் தொழிலைப் பிள்ளை மேல் திணிக்கக்கூடாது என்பதில் தமிழ்நாடு அன்றிலிருந்து உறுதியாக இருக்கிறது. அப்பன் பார்க்க ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போன தொழிலைத் திணிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. அதைத்தான் நாம் செய்துகொண்டிருக்கிறோம்.

ஏறக்குறைய அதே சமயம், 1952–53இல், இடைநிலைக் கல்விக்காக மத்திய அரசு ஒரு குழு போட்டது. தலைவர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். அம்பத்தூரில் சர் ராமசாமி முதலியார் பெயரில் ஒரு மேல்நிலைப் பள்ளி இருக்கிறதே, அந்த ராமசாமியின் இரட்டைச் சகோதரர். மகப்பேறு மருத்துவர், 27 வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், கல்விக் கொள்கை வகுத்தவர். ஒரு துறையில் ஒழுங்காக நிற்கத் தெரியாத மனிதர் என்று நம் அளவுகோலில் சொல்லலாம். அவருடைய குழு உயர்நிலைப் பள்ளியிலேயே ஏழு பிரிவுகள் வேண்டும் என்றது: கலைப் பாடங்கள், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல். பத்து வருஷம் கழித்து, 1964–66இல், கோத்தாரி குழு வந்து அதைத் திருப்பிப்போட்டது. பத்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும் ஒரே பொதுக் கல்வி, பிரிப்பதெல்லாம் அதற்கப்புறம் என்றார்கள். அந்த வழியில்தான் 1978இல் நமக்கு மேல்நிலைப் பள்ளிகள் வந்தன. 1980இல் முதல் பிளஸ் டூ பரீட்சை. ஆக, பத்து வரை எல்லாம் படி, பிறகு பிரி என்பதுதான் சட்டம். அந்தப் பத்தை ஆறாக்கியது எந்தக் குழு என்று கேட்டால், பேனர் அடித்தவர்களைக் கைகாட்டவும்.

வேண்டாத பாடங்களைக் களைதல்

முதலில் பி.டி. பீரியட். கணக்கு டீச்சர் அதைத் தானாகவே எடுத்துக்கொள்வார். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். ஓவியம், பாட்டு, கைவேலை மூன்றும் அக்டோபருக்குள் தாமாக உதிரும். நூலகப் பீரியடில் ஸ்லிப் டெஸ்ட் நடக்கும். சமூக அறிவியலை ‘புக் பேக்’ கேள்விகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். தமிழில் செய்யுள் மனப்பாடம், அதுவும் நட்சத்திரக் குறி போட்டது மட்டும்.

மேல் வகுப்புக்குப் போனால் களையெடுப்பு இன்னும் சுலபம். ஒரு முழு வருஷத்தையே எடுத்துவிடலாம். பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டுப் பத்தாவது லீவிலேயே பிளஸ் டூ பாடம் ஆரம்பிப்பது தனியார் பள்ளிகள் பலவற்றின் பெருமைமிகு மரபு. இதைத் தடுக்கத்தான் 2017–18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். அப்போதே 1200 மார்க் 600 ஆயிற்று. மறு வருஷமே, பதினொன்றாம் வகுப்பு மார்க் மேற்படிப்புக்குக் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார்கள். தேர்வு இருந்தது, மதிப்பு போயிற்று. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது தேர்வும் போயிற்று. பிள்ளைகள் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியது என்பது உண்மை. இறங்கிய இடத்தில் என்ன ஏறும் என்று நுழைவுத் தேர்வு நடத்துகிறவர்களுக்குத் தெரியும். அவர்கள் டைம் டேபிளை ஏற்கெனவே திருத்தியிருப்பார்கள்.

இப்படிக் களைந்த பிறகு மிச்சமிருப்பதை ஆழமான படிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அது ஆழமும் கிடையாது. நான்கு பாடங்கள், அதில் வரக்கூடிய கேள்விகள், அந்தக் கேள்விக்கு நான்கு விடைகளில் எதைக் கறுப்பாக்குவது என்ற பழக்கம், அவ்வளவுதான். பிசிக்ஸில் 99 வாங்கிய பையனிடம் வீட்டு ஃபியூஸ் கட்டையைக் காட்டிப் பாருங்கள். இந்த மாதிரிச் சோதனைகளை விருந்தாளிகள் முன்னால் செய்ய வேண்டாம்.

உண்மையான நிபுணர்களைப் பிள்ளையின் கண்ணில் படாமல் வைத்தல்

கையேட்டிலேயே கவனம் அதிகம் தேவைப்படும் பகுதி இது. நம் ஊரில்தான் இந்த ஆபத்து நிறைய.

சின்ன வயதிலேயே ஒரு தொழிலை ஆழமாகக் கற்பிக்கும் இடங்கள் தமிழ்நாட்டில் இருக்கவே இருக்கின்றன. அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. எட்டாவது பாஸ் செய்தவன் வெல்டர், வயர்மேன் சேரலாம். பத்தாவது முடித்தவன் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலெக்ட்ரீஷியன். மேல்நிலைப் பள்ளியிலேயே வொகேஷனல் குரூப் உண்டு: அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல், வேளாண் அறிவியல், செவிலியம், அலுவலக மேலாண்மை. முன்பெல்லாம் ஜெனரல் மெஷினிஸ்ட் என்று சொல்வார்களே, அந்தப் பிரிவுதான் இயந்திரவியல். அதை முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷம் சேர வழி இருக்கிறது. இளம் வயதில் ஒரு துறை, கையில் கருவி, கண்ணில் அளவு என்று நாம் பேனரில் கேட்பதெல்லாம் அங்கே கிடைக்கிறது.

அங்கே மட்டும் நம் பிள்ளையை அனுப்பக்கூடாது.

காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. சீக்கிரம் ஒரு துறை என்று நாம் கேட்பது சட்டை அழுக்காகாத துறையை. வொகேஷனல் குரூப்பில் தானாக விரும்பிச் சேர்ந்த பிள்ளையை எங்கே பார்த்திருக்கிறீர்கள்? மார்க் குறைந்தவன் அங்கே தள்ளப்படுகிறான். தள்ளப்பட்டவன் அங்கே இருக்கிறான் என்பதாலேயே அந்த வகுப்புக்கு மதிப்பில்லை. மதிப்பில்லாத வகுப்புக்கு டீச்சர் ரிட்டயர் ஆனால் அடுத்தவர் வருவது தாமதமாகும். பிறகு, ‘பாத்தீங்களா, அங்க ஒண்ணும் சொல்லித்தர்றதில்ல’ என்று நாமே சொல்லலாம். வட்டம் அழகாக முடிகிறது.

இதற்கிடையில் எஸ்டேட் பக்கம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் பழைய டர்னர் ஒருவர் சி.என்.சி. மெஷின் முன்னால் நிற்பார். பள்ளியில் படித்த ட்ரிகனாமெட்ரி அவருக்கு அந்த மெஷின் வந்த அன்றுதான் தேவைப்பட்டது. டேப்பர் கோணம் கணக்கிடாமல் புரோகிராம் எழுத முடியாது. ஆங்கிலம் மேனுவலுக்காக, எலெக்ட்ரிகல் கொஞ்சம் மெஷின் நின்றுபோனால் பார்ப்பதற்காக, ஜி.எஸ்.டி. கொஞ்சம் தனியாக ஜாப் எடுப்பதால். கையில் ஒரு தொழிலை வைத்துக்கொண்டு அதைச் சுற்றி எல்லாவற்றையும் படித்துக்கொண்டே இருக்கும் ஆள் அவர். பிள்ளை இதைப் பார்த்துவிட்டால், படிப்பு என்றால் இதுதானோ என்று சந்தேகம் வந்துவிடும். அரசாங்கம் வேறு 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் ரோபோ, முப்பரிமாண அச்சு என்று புதுக் கருவிகள் இறக்கியிருக்கிறது. மாதனாங்குப்பம் வழியாகச் சுற்றியாவது போங்கள், எஸ்டேட் வழி வேண்டாம்.

பாடிப் பிரச்சினை

இந்தக் கையேட்டுக்கு மிகச் சாதகமான உதாரணம் நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. பாடியில் வளர்ந்த பிரக்ஞானந்தா செஸ்ஸில் பத்து வயதில் சர்வதேச மாஸ்டர், பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டர், 2023இல் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. சென்னையின் குகேஷ் நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை விட்டவர். 2024 டிசம்பரில் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன். சீக்கிரம் பிடிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று உண்டா? கல்யாண வீட்டில் தாராளமாகச் சொல்லுங்கள்.

ஆனால் முழுக் கதையையும் சொல்லிவிடாதீர்கள். பாடி வீட்டில் முதலில் செஸ் வகுப்புக்குப் போனவர் அக்கா வைஷாலி. பெண் டி.வி.யில் கார்ட்டூன் பார்ப்பது குறையட்டும் என்று அனுப்பினார்கள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பிடித்துக்கொண்டான். அக்காவும் 2023இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். யாரும் பேனர் பார்த்துப் போகவில்லை. பொழுதுபோக்குக்காகத் திறந்துவைத்த கதவு வழியாக இரண்டு பிள்ளைகள் உலகத்துக்குப் போனார்கள். அந்தக் கதவைத்தான் பாடங்களைக் களையும் பகுதியில் அக்டோபருக்குள் சாத்தச் சொன்னோம்.

இன்னொரு விஷயமும் உண்டு. தன் துறையைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிடும் பிள்ளை நிஜமாகவே இருக்கிறது. அதை எல்லாப் பாடத்திலும் பாஸ் பண்ணு என்று இழுத்துப் பிடிப்பதும் கொடுமைதான். கணக்கைத் தவிர எதுவும் வேண்டாம் என்றிருந்த ராமானுஜன் கும்பகோணத்தில் ஸ்காலர்ஷிப்பை இழந்தார், பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ. பரீட்சையில் தவறினார், அங்கே அவரைக் கவிழ்த்ததில் உடலியலுக்கும் பங்கு உண்டு. அப்படிப்பட்ட பிள்ளையை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். அது உங்களைக் கேட்காது. நீங்கள் விளக்கை அணைத்த பிறகும் அதையே செய்துகொண்டிருக்கும். காலை ஐந்தரைக்கு நீங்கள் எழுப்பி, ஹார்லிக்ஸ் கொடுத்து, டியூஷன் வேனில் ஏற்றிவிட வேண்டியிருந்தால், அது அந்தப் பிள்ளை இல்லை.

கையேடு தேவைப்படாத ஒரு பள்ளி

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. இந்த நாட்டில் பார்வையில்லாத ஒரு பிள்ளை என்ன படிக்கும் என்பதற்கு யாரும் ஃபவுண்டேஷன் வகுப்பு நடத்த வேண்டியதில்லை. பெரும்பாலும் கலைப் பிரிவு. படம் எப்படி வரைவான், லேபில் எப்படி நிற்பான் என்று பெரியவர்கள் கேட்டுக்கொண்ட அன்றே முடிவாகிவிடுகிறது. டெல்லியில் கார்த்திக் சாஹ்னி என்ற மாணவர் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் படிக்க சி.பி.எஸ்.இ.யிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் அவரால் உட்கார முடியவில்லை; 2013இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஸ்காலர்ஷிப்போடு எடுத்துக்கொண்டது. பிள்ளைக்காக மற்றவர்கள் சீக்கிரமாக எடுத்துக்கொடுக்கும் முடிவு எப்படியிருக்கும் என்பதை அதன் சுத்தமான வடிவில் பார்க்க விரும்புகிறவர்கள் பூந்தமல்லி வரை போனால் போதும். இந்தப் பகுதியில் ஆலோசனை எதுவும் இல்லை.

ஆராய்ச்சி என்று யாராவது ஆரம்பித்தால்

அப்பார்ட்மென்ட் அசோசியேஷனில் ஒருவர் இருப்பார், எதற்கும் வெளிநாட்டைக் காட்டுபவர். ஜெர்மனியில் பத்து வயதிலேயே பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளுக்குப் பிரிக்கிறார்களே என்று அவர் உங்களுக்கு ஆதரவாக ஆரம்பிப்பார். சந்தோஷப்படாதீர்கள். அடுத்து, ஹனுஷெக், வோஸ்மான் என்ற ஆய்வாளர்கள் 2006இல் பல நாடுகளை ஒப்பிட்டு எழுதியதைச் சொல்வார்: சீக்கிரம் பிரிக்கும் நாடுகளில் பிள்ளைகளுக்கிடையே ஏற்றத்தாழ்வு கூடுகிறது, சராசரி உயர்ந்ததற்குத் தெளிவான அடையாளம் இல்லை. ஓஃபர் மலமூத் என்பவர் இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இங்கிலாந்தில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போதே துறையைச் சொல்லிவிட வேண்டும். ஸ்காட்லாந்தில் முதல் இரண்டு வருஷம் பல பாடம் படித்துவிட்டுச் சொல்லலாம். படித்த துறைக்குச் சம்பந்தமில்லாத வேலைக்கு அதிகம் தாவியவர்கள் இங்கிலாந்துக்காரர்கள்.

நல்லவேளையாக இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. மெக்கானிக்கல் படித்துவிட்டு அம்பத்தூர் ஐ.டி. பார்க்கில் கோடு எழுதுகிறவர்கள் உங்கள் மாடியிலேயே மூன்று பேர் இருப்பார்கள்.

யாழ்ப்பாணத்துச் சொந்தம் யாராவது இருந்தால் அவர்கள் கதையும் இதேதான். அங்கே உயர்தர வகுப்பில் ஒரு பிரிவு, அதில் மூன்று பாடம். “மகன் மட்ஸ், மகள் பயோ” என்றால் குடும்பத்தின் நிலை புரிந்துவிடும். கலைப் பிரிவு என்றால் கேட்டவர் பேச்சை மாற்றுவார். பாக்கு நீரிணை இதற்கு ஒரு தடையே இல்லை.

கடைசிக் கட்டம்

எல்லாம் திட்டப்படி நடந்தால் பிள்ளைக்குப் பதினேழு வயதில் கட்-ஆஃப் என்று ஒரு எண் கிடைக்கும். கணக்கு நூறு, பிசிக்ஸ் ஐம்பது, கெமிஸ்ட்ரி ஐம்பது, ஆக இருநூற்றுக்கு. பயாலஜி இதில் வராது. இரண்டு பக்கமும் போகலாம் என்று எடுத்த பக்கங்களில் ஒன்று இங்கே காலாவதியாகிறது. நீட் எழுதியும் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றி உறவினர்களிடம், “சும்மா ஒரு எக்ஸ்பீரியன்ஸுக்கு எழுதினான்” என்று சொல்லவும்.

பிறகு ஒரு ராத்திரி, இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குச் சாய்ஸ் ஃபில்லிங். அப்பா, அம்மா, அமெரிக்காவிலிருந்து வீடியோ காலில் பெரியப்பா மகன், எல்லோரும் லேப்டாப்பைச் சுற்றி உட்காருங்கள். பிள்ளை பக்கத்து அறையில் தூங்கட்டும், களைத்திருப்பான். முதல் சாய்ஸ் கம்ப்யூட்டர் சயின்ஸ். அது கிடைக்காவிட்டால் ஐ.டி. அதுவும் இல்லையென்றால் ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ். பிறகு இ.சி.இ., ட்ரிபிள் இ, மெக்கட்ரானிக்ஸ், பயோமெடிக்கல், கெமிக்கல், சிவில், டெக்ஸ்டைல். ஆறாம் வகுப்பில் ஒன்றே ஒன்று என்று தீர்மானித்தது நினைவுக்கு வந்தால் அதைப் பொருட்படுத்தக்கூடாது. எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம், உச்சவரம்பு கிடையாது. குறைவாகப் போட்டவர்கள் சீட் இல்லாமல் நின்ற கதைகள் டீச்சர் இல்லாத வாட்ஸாப் குரூப்பில் நிறைய வரும். ஆகவே நூறாவது போடுங்கள். கரன்ட் போவதற்கு முன்னால் லாக் செய்துவிடுங்கள்.